பல் டாக்டர் வீசிய ஓவர்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்வதற்காக அர்செனிஸின் நாற்காலியில் நான் வாயைப் பிளந்து படுத்திருந்தபோதுதான் அந்தப் பந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை மாலை. அவனுடைய பல் ஆஸ்பத்திரி லிஸ்டன் கடைத்தெருவின் வளைவு மண்டபத்துக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. கீழே காபிக்கடை மேஜைகள். அவற்றைத் தாண்டினால், கிரீஸில் இருக்கும் எங்கள் கோர்ஃபு தீவின் பழைய கிரிக்கெட் மைதானம். வழக்கமாக அந்த ஜன்னலை அவன் திறக்கவே மாட்டான். அன்றைக்கு ஏ.சி. பழுது. ஊசி போட்டாயிற்று. என் இடது தாடை மரத்துவிட்டது. அவன் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்துப் பந்து உள்ளே பாய்ந்து, அலமாரியில் வரிசையாக இளித்துக்கொண்டிருந்த பல்செட் அச்சுகளில் நாலைந்தைச் சிதறடித்துவிட்டு, உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. குறட்டை வைத்துவிட்டுப் பந்தை எடுத்தான். விரல்கள் தாமாகவே தையலைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"நல்ல பந்துடா, நோந்தா," என்றான்.

"ங்ங்ஆ," என்றேன். மரத்த வாயில் அதற்குமேல் வரவில்லை.

இருபது வயதில் தீவிலேயே வேகமான பவுலர் அவன்தான். விக்கெட் கீப்பர் நான். அணிக்கே ஒரு ஜோடி கால்காப்புதான் இருந்தது. மட்டையாளர்கள் ஆளுக்கொரு காலில் கட்டிக்கொண்டு, பந்து வரும் பக்கம் அந்தக் காலை நீட்டுவார்கள். இடுப்புக்குக் கீழே போடும் கவசம் ஒன்றே ஒன்று. ஒருவன் அவுட் ஆனால், உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் மைதானத்தின் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு கைமாற்றிக்கொள்வார்கள். காபி குடிக்க வந்த பெண்கள் அதற்கென்றே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார்கள்.

அர்செனிஸ் ஓடத் தொடங்குவது காபிக்கடை மேஜைகளுக்கு நடுவிலிருந்து. அவன் பந்தைச் சட்டையில் தேய்க்க ஆரம்பித்ததும் பரிமாறுகிறவர்கள் தட்டோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். ஸ்டம்ப் பறந்தால் எங்கள் ஊரில் "கட்டையில!" என்று கத்துவோம். அவன் பந்து போடும் நாட்களில் துறைமுகம் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

ஏதென்ஸில் படித்துவிட்டு வந்தான், ரூபினியைக் கல்யாணம் செய்தான், ஆஸ்பத்திரி திறந்தான், விளையாட்டை விட்டான். "ரூபினி விடமாட்டேங்கிறா. விரல் உடைஞ்சா பல்லு யார் பாக்கறதுங்கறா," என்று அணி முழுக்கச் சொன்னான். நாங்கள் நம்பினோம். அன்றிலிருந்து ரூபினியைத் தெருவில் பார்த்தால் எங்களுக்கு முகம் கோணும். தீவின் ஒரே வேகப் பந்து வீச்சாளரைச் சமையலறையில் பூட்டிவைத்தவள் அல்லவா!

அந்த ரூபினிதான் அன்றைக்கும் முன்னறையில் நோயாளிகளின் நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். "பந்தைக் குடுத்துட்டு வந்துடறேன்," என்று அவளிடம் சொல்லிவிட்டு அர்செனிஸ் படியிறங்கினான். கழுத்தில் எச்சில் துணியோடு நானும் பின்னாலேயே போனேன். மரத்த தாடையோடு தனியாக உட்கார்ந்து என்ன செய்வது?

இங்கிலாந்திலிருந்து ஏதோ ஒரு கிராமத்து அணி சுற்றுலா வந்திருந்தது. ஜெயிக்க அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ரன்தான் வேண்டும். இரண்டு விக்கெட் மிச்சம். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் குறைவு. எதிர்க்கரை இகுமெனிட்சாவுக்குப் போகும் படகில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவர், படகுச் சங்கு ஊதியதும் மைதானத்திலிருந்து அப்படியே ஓடிப்போயிருந்தார்கள். ஒருவன் பவுலர், மற்றவன் கீப்பர். எங்கள் இளம் கேப்டன் இயாசன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். ரொட்டிக்கடைக்காரர் மகன், வாய் கொஞ்சம் நீளம்.

"டாக்டர் மாமா, ஜன்னல் உடைஞ்சிடுச்சா?"

"ஜன்னல் தொறந்துதான் இருந்துது. பல்லுதான் உடைஞ்சுது."

"யாரு பல்லு?" என்று பதறி என்னைப் பார்த்தான்.

"ங்ஊ," என்றேன்.

"சரி, ஒரு ஓவர் போடுங்களேன். அந்தக் காலத்துல நீங்க பெரிய ஆளாமே. எங்கப்பா சொல்வாரு, நாங்கதான் யாரும் நம்பறதில்ல."

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. அர்செனிஸ் வெள்ளை அங்கியின் கையை மடித்துவிட்டான். கையுறையை இயாசன் எனக்கு மாட்டினான். எதிரணிக் கேப்டனும் சம்மதித்தார். எங்கள் இருவரின் வயிற்றையும் பார்த்த எந்தக் கேப்டனும் சம்மதித்திருப்பார்.

அர்செனிஸ் பழைய இடத்துக்கே போனான், காபிக்கடை மேஜைகளுக்கு நடுவே. இப்போது பரிமாறுகிற பையன்களுக்கு ஒதுங்கத் தெரியவில்லை. ஒருவன், "சார், உக்காருங்க, என்ன வேணும்?" என்று கேட்டான். அர்செனிஸ் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கியது. கையைச் சுழற்றினான். பந்து மட்டையாளர் தலைக்கு மேலே, என் தலைக்கும் மேலே போய், மரத்தடியில் நின்ற குதிரை வண்டியில் விழுந்தது. குதிரை திரும்பிப் பார்த்தது.

"மாமா, ஸ்டம்ப் கீழ இருக்கு!" என்றான் இயாசன்.

அடுத்தது மூன்று முறை தரையில் குதித்து வந்தது. நடுவர் எங்கள் ஊர்க்காரர், இரண்டையும் நல்ல பந்தாகவே எண்ணிக்கொண்டார். மட்டையாளர் ஒரு தாத்தா. சிவந்த முகம், நல்ல மனிதர். பந்து வருவதற்குள் இரண்டு முறை மட்டையை வீசிப் பார்த்து இரண்டு முறையும் தவறவிட்டார். அதற்கடுத்ததை ஓங்கி அடித்து நாலு ரன் எடுத்தார். அர்செனிஸ் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். அருகில் போனேன். வியர்வை சொட்டிற்று. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் வாய் முழுக்கச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று! அடுத்தவர் வாயைப் பார்த்தே காலம் தள்ளிய முகம் அது.

"நோந்தா, வேகம் வரலடா."

"எப்ஓ வந்துஉது?" என்று கேட்டேன். நல்லவேளை, அவனுக்குப் புரியவில்லை.

நாலாவது பந்துக்கு ஓட்டத்தைக் குறைத்து, மெதுவாகத் தூக்கிப் போட்டான். தாத்தாவுக்கு ஆசை தாங்கவில்லை. முழு பலத்தோடு சுழற்ற, பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேராக வானத்துக்குப் போயிற்று. நான் அடியில் நின்றேன். "எனக்கு!" என்று கத்தினேன். வாயிலிருந்து மாட்டின் சத்தம்தான் வந்தது. இயாசன் அதைத் தன்னைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு ஓடிவந்து என்மேல் மோதினான். பந்து என் கையுறைகளுக்கு நடுவே நழுவி, இடது தாடையில் இடித்து, எகிறி, பாதி வழியில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அர்செனிஸின் வயிற்றில் விழுந்தது. அவன் இரண்டு கைகளாலும் அதை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டான்.

நடுவர் விரலை உயர்த்தினார். தாத்தாவே கைதட்டினார். எனக்குத் துளி வலியில்லை. அர்செனிஸ் ஓடிவந்து, கொண்டாடுவதை விட்டுவிட்டு, மைதானத்து நடுவில் என் வாயைத் திறந்து விரலை விட்டான்.

"பிடுங்க வேண்டிய பல்லு கல்லாட்டம் நிக்குது. பக்கத்துல இருந்த நல்ல பல்லு ஆடுது!"

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரூபினி வந்தாள். அர்செனிஸ் பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஏம்மா ரூபினி, திட்டாதே," என்றார் நடுவர். "ஒரு ஓவர்தானே. நீ விடமாட்டேன்னு எங்களுக்கும் தெரியும்."

"நான் விடமாட்டேனா? எதை?"

"ஆட்டத்தை. விரல் உடைஞ்சுடும்னு…"

ரூபினி புருஷனைப் பார்த்தாள். அவன் புல்லைப் பார்த்தான்.

"நானா சொன்னேன்? இவன் ஆடறதைப் பாத்துத்தானே கட்டிக்கிட்டேன்! ஏன் விட்டேன்னு கேட்டா, முதுகுவலி, முதுகுவலின்னு சொன்னான். இத்தனை வருஷமா முதுகுக்குத் தைலம் தேச்சது நானு. என்னைத்தான் காரணமாச் சொல்லியிருக்கியா, அர்செனி?"

"அது… அந்த வருஷம் ஒரு சின்னப் பையன் என் பந்தை சிக்ஸர் சிக்ஸரா அடிச்சிட்டான்," என்றான் அர்செனிஸ், மிக மெதுவாக. "வெளியில சொல்ல வெக்கமா இருந்துது."

மைதானமே சிரித்தது. ரூபினி சிரிக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பந்தைப் பிடுங்கி, அவன் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"இன்னும் ரெண்டு பந்து இருக்குல்ல? போடு. இந்தத் தடவை கால இழுக்காதே. அப்பவே இழுப்பே."

அவள் காபிக்கடையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த பந்தைக் கடைசி மட்டையாளர் கண்ணை மூடிக்கொண்டு வீச, அது எல்லைக்கோட்டைத் தாண்டிப் போயிற்று. நாங்கள் தோற்றோம். தோற்ற அணியில் அர்செனிஸ் மாதிரிக் குதித்த ஆளை நான் கண்டதில்லை.

என் பல்லை அன்றைக்கு அவனால் பிடுங்க முடியவில்லை. தோளைத் தூக்கவே முடியவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஆஸ்பத்திரி மூடிக் கிடந்தது. ரூபினிதான் அவனுக்கு இறைச்சியும் நூடுல்ஸும் ஊட்டிவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவளே ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொன்னாள். இத்தனை வருஷம் தன் மானம் போனதற்கு வட்டி என்றாள்.

அடுத்த வசந்தத்தில் அவன் பயிற்சிக்கு வர ஆரம்பித்தான். வேகத்தை விட்டுவிட்டான். இப்போது சுழல் போடுகிறான், அதாவது சுழலும் என்று அவன் சொல்கிறான். நடுவர்களோடு சண்டை, மேஜைகளுக்கு நடுவே ஓடாததால் காபிக்கடைக்காரரோடு சமாதானம். இயாசனுக்கு அவனை அணியிலிருந்து தூக்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் துணிவில்லை. பல் வலி வந்தால் யாரிடம் போவது என்ற பயம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை நாலு ஓவரில் எக்கச்சக்கமாக அடிவாங்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்த மூணாவது பந்து பாத்தியா, நோந்தா? எப்படித் திரும்புச்சு!"

"அவன் அதை சிக்ஸர் அடிச்சான்டா."

"அடிச்சான். ஆனா திரும்புச்சுல்ல?"

திரும்பவில்லை. திரும்பியது என்றுதான் சொன்னேன்.