மூன்று தரம் கொதித்த தண்ணீர்

போர்க்காலத்தில் மன்னார்த் தீவை விட்டு ஓடி, நானாட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். நான் அப்போது புதிதாகத் தேறிய தாதி. வகுப்பறை ஒன்றுதான் மருந்தகம். வாந்திபேதி பரவியது, சேலைன் முடிந்துவிட்டது, பாதை பூட்டிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து என் தங்கச்சி படுத்துவிட்டாள். வாயால் கொடுத்தது எதுவும் அவள் வயிற்றில் நிற்கவில்லை.

சேலைனை நாங்களே செய்வதென்று முடிவானது. தண்ணீர் என் பொறுப்பு. எங்கள் வீட்டுப் பழக்கப்படி முதல்நாள் பின்னேரமே கிணற்றில் அள்ளி, தெளியட்டும் என்று பானையில் வைத்தேன். காலையில் இறுத்து மூன்று தரம் கொதிக்க வைத்தேன். ஒரு தரம் போதும் என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். என் தங்கச்சிக்கு ஏற்றப்போவது, நான் கேட்பேனா? உப்பை அளந்து போட்டு, ஆறவிட்டு, என் கையாலேயே அவள் நரம்பில் ஏற்றினேன்.

ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. “அக்கா, குளிருதக்கா” என்றாள். அவள் நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. பிறகு காய்ச்சல் நெருப்பாய் ஏறியது. மத்தியானம் போய்விட்டாள். வாந்திபேதிதான் கொண்டுபோனது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

பல வருடம் கழித்து வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. பிளேக் என்னும் கொள்ளைநோய்க் கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு மூலக்கூற்றைப் பிரித்தெடுப்பது என் தொழில். சீனிகள் கோத்த தலை, அதன் கீழே கொழுப்பு வால்கள். அந்தக் கிருமி சரியான கள்ளன். எலித் தெள்ளின் குளிர்ந்த உடம்பில் ஆறு வாலோடு இருப்பது, மனிதச் சூட்டுக்கு வந்ததும் நான்கு வாலுக்கு மாறிவிடும். ஆறு வாலைக் கண்டால் கூச்சலிடும் நம் உடம்பின் காவல், நான்கைக் கண்டால் பேசாமல் இருந்துவிடும்.

தண்ணீரில் பெருகும் சாதாரணக் கிருமிகள் பலவற்றுக்கு இந்தத் தந்திரம் தெரியாது. அவற்றின் உறை நேரே இரத்தத்தில் கலந்தால், உடம்பு பதறியடித்துத் தன்னையே அழித்துக்கொள்ளும். முதல் வாரமே பொறுப்பாளர் எச்சரித்தார்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உறையின் நஞ்சு சாகாது. போத்தல்களைக்கூட அடுப்பில், கொதிநீரின் சூட்டையும் தாண்டிய கடும் சூட்டில் வாட்டித்தான் எடுப்போம். கையிலிருந்த போத்தலை வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன். தெளியட்டும் என்று பானையில் வைத்துக் கிருமியைப் பெருக விட்டவள் நான். கொதிக்க வைத்து அதைக் கொன்று, செத்ததன் நஞ்சை அவளுக்கு ஏற்றியவளும் நான். அவள் எப்படியும் போயிருப்பாள் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

அடுத்த விடுமுறையில், அம்மாவிடம் சொல்லிவிடுவதென்றே மன்னாருக்குப் போனேன். அம்மா என்னைக் கதிரையில் இருத்தி ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினார்.

“குடி பிள்ளை, கொதிச்சாறின தண்ணிதான். நீ அண்டைக்கு மூண்டு தரம் கொதிக்க வைச்சனியெல்லே. அவளுக்கு நீ ஒரு குறையும் விடேல்லை எண்டு நினைச்சுத்தான் நான் இண்டைக்கும் நித்திரை கொள்ளுறன்.”

அந்த நஞ்சு குடித்தால் ஒன்றும் செய்யாது, அது எனக்குத் தெரியும். “ஓம் அம்மா” என்று சொல்லிவிட்டு, முழுவதையும் குடித்து முடித்தேன்.