வெட்டுப்புள்ளி

ஒரு சிரிப்பை நான் பல வருடமாக மனதில் வைத்திருந்தேன். சிரித்தவர் ஒரு டொக்டர். அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்தார்கள். அந்த டொக்டரும் அவருடைய உம்மாவும் வந்திருந்தார்கள். எனக்குச் சீதனமாக வாப்பா கட்டிய வீட்டை அந்த உம்மா அறை அறையாகப் பார்த்தார், குறை சொல்லவில்லை. வட்டிலப்பத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். பிறகுதான் கேட்டார்.

“புள்ள என்ன படிக்கா?”

“புள்ளிவிபரவியல். சுகாதாரப் பக்கம் வேலை எடுக்கணும் எண்டு அவக்கு ஆசை,” என்றார் என் உம்மா.

“டொக்டருக்குப் படிக்கக் கிடைக்கல்ல, அதால நோயாளிகள எண்ணப் போறாவாக்கும்.”

அதற்குத்தான் மகன் சிரித்தார். சம்பந்தம் அதோடு நின்றது. ஏ.எல். பரீட்சை இரண்டு தரம் எழுதியும் மருத்துவபீடத்துக்கு எடுபட வேண்டிய வெட்டுப்புள்ளி எனக்கு எட்டவில்லை. அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு சுட்டது.

பட்டம் முடித்தேன். கொழும்பில் ஒரு சின்ன அறையில் தங்கி, வரைபடம் கீறுகிற மென்பொருளைப் படித்தேன். களைத்துப்போகும் நேரமெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்வேன், தூக்கம் பறந்துவிடும். ஊருக்குத் திரும்பி, சுகாதார அலுவலகம் ஒன்றில் தரவுப் பகுப்பாய்வாளராகச் சேர்ந்தேன். எங்கள் கரையோரத்தில் எந்தப் பிரிவில் எவ்வளவு டெங்கு என்று வாராவாரம் வரைபடத்தில் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்டுவது என் வேலை.

ஒரு மாரியில் பக்கத்துப் பிரிவுக்குப் புதிய சுகாதார வைத்திய அதிகாரி வந்தார். அவரேதான். பெயரைப் பார்த்ததும் எனக்கு வட்டிலப்பம் மணத்தது.

அவருடைய பிரிவில் டெங்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் இன்னும் செம்மஞ்சளில்தான் நின்றது. எத்தனை பேருக்குக் கண்டால் சிவப்பு என்கிற வெட்டுப்புள்ளியை வைப்பது நான். அதை ஏன் அங்கே வைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எண் ஒன்றையும் நான் மாற்றவில்லை. வெட்டுப்புள்ளியைக் கொஞ்சம் இறக்கினேன், அவ்வளவுதான். கரையோரம் முழுவதிலும் அவருடைய பிரிவு மட்டும் சிவந்தது.

கூட்டத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டார்: “உங்கட ஏரியா மட்டும் ஏன் இப்பிடி, டொக்டர்?”

அவர் கழுத்தைத் தடவினார். நான் மடிக்கணினிக்குப் பின்னால் இருந்து ஆசை தீரப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானச் சோறு அவ்வளவு ருசியாக இருந்தது.

சிவப்புப் பிரிவுக்குத்தான் எல்லாம் முதலில் கிடைக்கும் என்பது ஆத்திரத்தில் எனக்கு ஓடவில்லை. புகையடிக்கும் மெஷின் அங்கே போனது. மேலதிக ஆட்கள் போனார்கள். அடைபட்டுக் கிடந்த தோணா வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். அங்கே டெங்கு மளமளவென்று இறங்கியது. ஒரு கலியாண வீட்டில் அவருடைய உம்மா என் உம்மாவிடமே சொன்னாராம்: “எங்கட மகன்ட ஏரியாவுக்குத்தான் முதல்ல மெஷின் வந்த. மேல அவருக்கு அவ்வளவு மதிப்பு.”

பிறகு அவரே என் மேசைக்கு வந்தார்.

“மிஸ், நீங்க சிவப்புல காட்டினதாலதான் எல்லாம் கிடைச்ச. பெரிய உதவி.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதே சிரிப்பு. நான் யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது.

“அது என்ட வேல, டொக்டர்,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த வரைபடத்துக்கு உட்கார்ந்தேன். வெட்டுப்புள்ளியை இன்னும் இறக்கினால் அவரை இன்னொரு தரம் சிவக்க வைக்கலாம். விரல் அங்கேயே நின்றது. ஆனால் இப்போது டெங்கு ஏறுவது எங்கள் ஊரில். பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தார்கள். மெஷினோ அவரிடம் இருந்தது; அவரும் சிவந்தால் அது அங்கேயே நின்றுவிடும். வெட்டுப்புள்ளியைப் பழைய இடத்துக்கே ஏற்றினேன். எங்கள் ஊர் சிவந்தது, அவருக்குப் பச்சை விழுந்தது.

மென்பொருளில் பச்சை பலவிதம் இருக்கிறது. இருக்கிறதிலேயே அழுதுவடிகிற பச்சையைத் தேடியெடுத்து அவருக்குப் போட்டேன்.