தண்ணீர் கலக்காத மண்ணெண்ணெய்

பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் இன்ஜின் பாடம் நடத்தியவன் நான். என் தம்பி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே நாங்கள் பிறந்த குப்பத்தில் படகு வைத்து மீன் பிடிக்கிறான். அவனுக்குத் தொழிலில் கூட்டாளியாக இருந்தவன் அவன் மச்சான், தம்பி மனைவியின் கூடப்பிறந்தவன். அந்த மச்சானைக் கடலை விட்டு விரட்டியது நான். அது தம்பிக்கு இன்றுவரை தெரியாது.

படகின் பின்பலகையில் மாட்டும் பழைய மோட்டார் அது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்பு மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் குளிர்ந்த இன்ஜின் அதில் பற்றாது. குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நான் ஓய்வு பெற்ற மறுவருடம் சில நாள் குப்பத்தில் வந்து தங்கியிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த இருவர் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தார்கள். கடலிலிருந்து மாமல்லபுரம் கோயிலைக் காட்டுகிறேன் என்று சாயங்காலம் தம்பியின் படகை எடுத்தேன். கூட வருவதாகச் சொன்ன மச்சானை வேண்டாம் என்றேன்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி பெட்ரோலுக்கு மாத்திடு மாமா."

"டேய், இத வச்சுத்தான்டா நான் பென்ஷனே வாங்குறேன்."

வந்தவர்கள் சிரித்தார்கள். திரும்பும்போது அவர்களில் ஒருவருக்கு வாந்தி. அவரைக் கரையில் இறக்கும் அவசரத்தில் இன்ஜினை அப்படியே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் தம்பி ஆள் அனுப்பினான். மற்ற படகுகளெல்லாம் போய்விட்டன. கானாங்கெளுத்தி மீன் கூட்டமாக வந்திருப்பதாகப் பேச்சு. தம்பியும் மச்சானும் கிளம்பாத மோட்டாரின் கயிற்றை மாறி மாறி இழுத்து வியர்த்து நின்றார்கள்.

"அண்ணாத்த, நேத்து பெட்ரோல்ல தான நிறுத்தின?" என்றான் தம்பி.

"ஆமாம்" என்றேன். அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது. நான் தப்பு செய்திருக்க மாட்டேன் என்ற நினைப்பில் வந்த பதில். மச்சான் என் முகத்தைப் பார்த்தான்.

பிளக்கைக் கழற்றினேன். நனைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் மண்ணெண்ணெய் வாடை. முந்தின சாயங்காலம் முழுக்க ஞாபகத்துக்கு வந்தது. அந்த இடத்தில் சொல்லியிருந்தால் இரண்டு நாள் கேலியோடு போயிருக்கும். நான் சொல்லவில்லை. கார்புரேட்டரின் அடித்திருகைத் திறந்து உள்ளே இருந்ததை மணலில் வடித்தேன். பிளக்கைத் துடைத்து மாட்டி, பெட்ரோல் விட்டு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கிளம்பிற்று.

"இன்னா கோளாறு?" என்றான் தம்பி.

"எண்ணெயில தண்ணி."

கேனில் எப்படி வேண்டுமானாலும் தண்ணீர் இறங்கியிருக்கலாம், மழையில், மூடி சரியில்லாமல். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எண்ணெய் வாங்கி வருவது மச்சான் வேலை. தம்பி அவன் பக்கம் திரும்பினான்.

"எண்ணெய வித்துட்டு தண்ணி ஊத்திகினு வந்தியா? எத்தினி நாளா நடக்குது இது?"

"யோவ் மாமா, வாய அடக்கு. ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்திப் பாரு. தண்ணி இருந்தா அடியில நிக்கும். பெரிய மாமாவுக்குத் தெரியாததா? கேளு அவர."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டிலில் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வகுப்பில் நானே மாணவர்களுக்குச் செய்து காட்டிய சோதனை.

"எனக்கே பாடம் நடத்துறியா?" என்றேன்.

தம்பி கேனை எட்டி உதைத்தான். மூடி தெறித்து எண்ணெய் முழுவதும் மணலில் இறங்கியது. சோதிக்க ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. எத்தனையோ முறை யோசித்தும் அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மச்சான் அன்றே குப்பத்தை விட்டுப் போனான். திருட்டுப் பட்டத்தோடு வந்தவனை வேறு எந்தப் படகும் ஏற்றவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தம்பி மகளுக்குத் திருப்போரூரில் கல்யாணம். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் நின்றார். தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோரம் ஒதுங்கினாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் நாவலூருக்குப் போனேன். அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அவன் செக்யூரிட்டி. கேட்டருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே வந்த கார்களுக்குக் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டான்.

"முடிச்சிட்டியா மாமா? நீ திருகத் தொறந்தப்பவே மண்ணெண்ண வாசன வந்துச்சு. மூக்கு எனக்கும் கீது."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"சொன்னா? உன் தம்பி காலேஜ் வாத்தியார் பேச்ச நம்புவானா, கயிறு இழுக்கறவன் பேச்ச நம்புவானா?" கேட்டை மூடினான். "தெரிஞ்சவன்கிட்டயே வந்து சொல்லிகினுகீற. எங்க அக்காகிட்ட சொல்லு. அவன்கிட்ட சொல்லு. போ, வண்டி வருது, ஓரமா நில்லு."

நேராகத் தம்பி வீட்டுக்குப் போவதாக அவனிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். திருப்போரூரில் இறங்கியபோது மாமல்லபுரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. பக்கத்தில் என் வீட்டுக்குப் போகும் செங்கல்பட்டு பஸ். நான் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினேன்.

நல்ல வஞ்சிரம் கிடைத்தால் தம்பி மனைவி எனக்கென்று ஒரு துண்டு எடுத்துவைத்துக் கொடுத்தனுப்புகிறாள். நேற்றும் வந்தது. வாங்கிக்கொண்டேன்.