இடது கையின் ஓசை

அத்தான் இறந்து ஒரு வருடம் கழிந்ததும் அக்கா தக்கலையில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். துணிப்பெட்டி ஒன்று, அத்தானின் மிருதங்கம், பழைய சேலையில் சுற்றிய இசைத்தட்டுகள், அவ்வளவுதான் கொண்டுவந்தாள். அத்தான் கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசித்தவர். பெரிய பெயரெல்லாம் இல்லை. சில பாடகர்களின் இசைத்தட்டுகளில் பின்னால் வாசித்திருக்கிறார். தட்டின் மேல் பாடியவர் பெயர் மட்டும்தான் இருக்கும். சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் புகுந்த வீட்டிலேயே தங்கிவிட்டதால், தட்டுகள் வந்தும் அவற்றைப் போட்டுக் கேட்க வழியில்லை. அத்தான் பேச்சை எடுத்தால் அவள் அழுவாளோ என்று நானும் என் மனைவியும் எடுப்பதில்லை.

எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிற சமயம் அது. ஆபீசில் என்னோடு இருந்த மலையாளி நண்பர் ஒருவர் திருவனந்தபுரத்துக்குப் போகும்போது, மின்சாரத்தில் ஓடும் ரெக்கார்டு பிளேயர் ஒன்றை எனக்கு மலிவாகத் தந்துவிட்டுப் போனார். அதில் தட்டைச் சுற்றும் மோட்டாரும், ஊசி பிடித்த கையும் மட்டும்தான். பாட்டு ரேடியோ வழியாக வரவேண்டும். ரேடியோவின் பின்பக்கத் துளையில் வயரைச் செருகி ஒரு தட்டைப் போட்டேன். ஒலியை முழுக்கத் திருகியும், அடுத்த தெருவில் யாரோ முனகுவது போலத்தான் வந்தது. அக்கா ரேடியோவின் முன்துணியில் காதை ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "போட்டும் மக்கா, நிறுத்து. தட்டு தேஞ்சுரும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அவள் காதை ஒட்டி நின்ற நிற்பு என்னை உறங்கவிடவில்லை. அடுத்த விடுமுறை நாளில் பிளேயரைத் துணியில் கட்டி, அத்தான் வாசித்த தட்டுகளில் இரண்டை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டி நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

ரேடியோ கடைக்காரர் பார்த்துவிட்டு, இந்த ஊசி தருகிற மின்சாரம் ரொம்பச் சன்னம், ரேடியோவுக்குப் போதாது, நடுவில் அதைப் பெருக்கிக் கொடுக்க வால்வு வைத்த ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்றார். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று சீமைச் சரக்கு, பளபளவென்று இருந்தது. மற்றது அவரே தகரப் பெட்டிக்குள் பொருத்திச் செய்தது. விலையில் பாதிகூட இல்லை.

முதலில் சீமைப் பெட்டியை மாட்டினார். குரல் கண்ணாடி போல வந்தது. பாடகர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடலாம் என்று மனசுக்குள் தீர்மானித்தேன். பிறகு தகரப் பெட்டி. குரல் சற்று மங்கல். ஆனால் அடியில் ஒரு கனம் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"இது போதும்" என்றாள்.

எனக்குச் செலவு வைக்கக் கூடாது என்று சொல்கிறாள் என நினைத்து, விலையைப் பார்க்க வேண்டாம், நல்லதாகவே எடுப்போம் என்றேன்.

"வெலைக்கு இல்ல மக்கா. அதுல பாடுகவரு மட்டுந்தான் கேக்காரு. இதுலதான் மிருதங்கத்துல அவ்வோ இடது கை கேக்கு."

கடைக்காரரிடம் அதே தட்டை மறுபடி போடச் சொன்னாள். பாதிப் பாட்டு தாண்டியதும் அந்தக் கனத்த ஓசை சட்டென்று வறண்டு, பலகையைத் தட்டுவது போல ஆனது. பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று கடைக்காரர் கையை நீட்டினார். அக்கா அவரைத் தடுத்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். கனத்த நாதம் அதனால்தான் வரும். "இந்தத் தட்டு பதியும்போ அது பாதியில விழுந்துட்டாம். பாட்ட நிறுத்தினா எல்லாம் வீணாப் போயிரும்னு அப்படியே வாசிச்சு முடிச்சாவளாம். எங்கிட்ட வந்து சொன்னாவ. பழைய சாவிப் பெட்டியில போட்டுக் கேட்டா ஒண்ணும் தெரியல்ல. சும்மா கதை விடுதீயன்னு நான் கேலி பண்ணினேன்" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, மீண்டும் ஒருமுறை போடச் சொன்னாள்.

தகரப் பெட்டியையே வாங்கினோம். திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பேசிக்கொண்டே வந்தாள். கச்சேரிக்குப் போன இடத்தில் அத்தானுக்கு உப்பில்லாத சாப்பாடு போட்டது, ரயிலில் மிருதங்கத்துக்கும் சீட்டுக் கேட்டவனோடு அவர் சண்டை பிடித்தது, கல்யாணமான புதிதில் அவள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தபோது அவர் அடுக்களை வாசலில் உட்கார்ந்து வாசித்தது. நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். தக்கலையில் இறங்க வேண்டிய இடத்தை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம்.