எறும்பு இரும்பான கதை

அன்று அஸர் தொழுததும் கடை ஷட்டரை இறக்கிவிட்டேன். ரோலா கடைத்தெருவில் வெள்ளிக்கிழமை மாலை கடையை மூடுகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மதரஸா ஆண்டுவிழாவில் என் மகள் சுலைமான் நபியின் கதையைச் சொல்லப்போகிறாள். காற்றையும் ஜின்களையும் ஏவல் கொண்ட அரசர், எறும்பின் பேச்சும் விளங்கியவர். அவர் கதையை என் மகள் தமிழில் சொல்லப்போகிறாள்.

அவளுக்கு ஒன்பது வயது. போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது "மலை பெய்யுது" என்று சொல்லப்போக, மச்சான் வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு வாயை மூடியவள்தான். நாங்கள் குடியிருக்கும் அஜ்மானுக்குத் திரும்பிய பிறகு நாங்கள் தமிழில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். எட்டு மாதமாக இதே கதை. அப்படிப்பட்டவள், எந்த மொழியில் சொல்கிறாய் என்று உஸ்தாத் கேட்டதற்குத் தானாகவே தமிழ் என்றிருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவிக்குத்தான் பயம்.

"ஏங்க, இங்கிலீஷ்லயே சொல்லட்டுமே. இன்னொரு தடவ சிரிச்சாங்கன்னா பிள்ள தமிழ் பக்கமே வராது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஹாலில் முதல் வரிசையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய். நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டிருந்தேன்.

மகள் மேடையேறி சலாம் சொன்னாள். குரல் கணீரென்று இருந்தது. நபியின் பெரும்படை கிளம்பியதையும் எறும்புகள் வாழும் பள்ளத்தாக்குக்கு வந்ததையும் பிசிறில்லாமல் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அப்போ ஒரு இரும்பு மத்த இரும்புகள்ட்ட சொல்லுச்சு, எல்லாரும் வீட்டுக்குள்ள போயிருங்க, சுலைமான் நபியோட படை தெரியாம நம்மள மிதிச்சிரும்."

பதற்றத்தில் எறும்பு இரும்பாகிவிட்டது. பின்வரிசையில் எனக்கு அண்ணன் முறையாகும் ஊர்க்காரர் ஒருவர், "இரும்புன்னா அது அவங்க வாப்பா தாவூது நபிக்குல்ல வசப்படும்" என்றார். சுலைமான் நபியின் தந்தை தாவூது நபியின் கையில் இரும்பு மெழுகாய் இளகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. எழுந்துபோய் அவர் சட்டையைப் பிடிக்கலாமா என்று இருந்தது. நான் கோபக்காரன்தான், மறைப்பானேன். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மகள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். போச்சு, இறங்கிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அது பேசுனதக் கேட்டு சுலைமான் நபியும் சிரிச்சாங்க" என்றாள். "ஆனா மிதிக்கல."

அவள் அடுத்த வரியையும் தமிழிலேயே தொடங்கினாள்.