ஆனி முப்பத்திரண்டு, உச்சிப் பூசை

என் வாயைப் பற்றி எங்கள் தெருவில் விசாரித்தால் நல்ல வார்த்தை கிடைக்காது. அடுத்த வீட்டுக் கதை என்றால் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளி சேர்த்துத்தான் சொல்வேன். மறுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. போடுவதாக இருந்தால் என்னையே இவ்வளவு கேவலமாகவா காட்டிக்கொள்வேன்? நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. ஆனி 32, பகல் 12.10.

என் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே உச்சினிமாகாளி கோயில். நடுவில் எட்டடிச் சந்து. ஜன்னலோரம் என் தையல் மிஷின். அந்தக் கோயிலில் அம்மனுக்குத் தெரியாததுகூட எனக்குத் தெரியும்.

பூசாரிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் சங்கையா, நடுவில் குருவம்மா, கடைசி கருத்தப்பாண்டி. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது பெரியவர் லாரியோடு வடக்கே. சின்னவன் மாமனார் வீட்டில். கல்யாணமாகாத குருவம்மாதான் இரண்டு வருஷம் கருவறைக்குள் போய்ப் பூசை செய்தாள். அவள் கைமணிக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று அடி, ஒரு நிறுத்தம், பிறகு ஒரு அடி. அந்த நிறுத்தத்தில்தான் கற்பூரத் தட்டில் விழப்போகும் முந்தானையை இழுத்துச் செருகுவாள். உச்சிப் பூசை முடிந்ததும் ஒரு டம்ளர் பானகத்தை என் ஜன்னல் கட்டையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டுவாள். டக். டக்.

"குடிங்க மதினி. ஊர்க்கதை பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்கும்."

அப்பா போனார். கோயிலுக்கு வரும் கூட்டமும் தட்டில் விழும் காசும் கூடியது. உடனே அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பக்தி பொங்கி, பூசை உரிமைக்கு வழக்குப் போட்டார்கள். மாதத்தில் முதல் பதினைந்து நாள் மூத்தவருக்கு, அடுத்த பதினைந்து இளையவனுக்கு என்று கோர்ட் பிரித்துக் கொடுத்தது. தமிழ் மாதத்தில் 31, 32 என்று வால் போல நாள் வருமே, அதை யாரும் எழுதவில்லை. அந்த நாட்களில் ஆளுக்கொரு பூட்டைத் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு சாவியும் சேராமல் கதவு திறக்காது. விளக்கு இல்லை, சோறு இல்லை. அம்மன் பட்டினி.

குருவம்மா கோர்ட்டில் கேட்டது அந்த வால் நாளை மட்டும்தான்.

"பாதி வேணாம், கால் வேணாம். யாருக்கும் இல்லாத நாளை எனக்குக் குடுங்க. அவளப் பட்டினி போட மனசு வரல."

அதுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அண்ணனும் தம்பியும் அன்றைக்குத்தான் ஒன்றாக பஸ் ஏறினார்கள். பெண் பிள்ளை கருவறைக்குள் போனதே கிடையாது என்று சத்தியம் செய்தார்கள். உள்ளே பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

சங்கையாண்ணன் ஒருநாள் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"ஏம்மா, மகளுக்குத் தையிலதான கல்யாணம்? நம்ம அம்மன் சந்நிதியிலதான?"

"ஆமாண்ணே."

"அப்பப் பாத்துப் பேசு."

கூண்டில் ஏறினேன். குருவம்மா பூசை செய்ததைப் பார்த்தீர்களா என்று வக்கீல் கேட்டார்.

"பாக்கலைங்க."

தெருவே சிரித்தது. "இவ கண்ணுக்குத் தப்புன ஒரே விஷயம் இதுதாண்டி!" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். குருவம்மா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். தோற்றாள். அப்பீல் போட்டாள். திருப்பூரில் ஒரு மில்லில் சேர்ந்தாள். பதினோரு வருஷம் இந்தப் பக்கமே வரவில்லை.

இந்த வருஷம், ஆனி 32.

பகல் 12.05-க்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. வெயிலுக்குப் பயந்து சந்தில் ஒரு நாய்கூட இல்லை. ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன்.

12.10.

கைமணி...

மூன்று அடி. ஒரு நிறுத்தம். ஒரு அடி.

ஊசி விரலில் ஏறியது. ஜன்னல் வழியே பார்த்தேன். கோயில் கதவில் பூட்டு இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. பித்தளையும் இரும்பும். அசையவில்லை.

மறுபடி... மூன்று. நிறுத்தம். ஒன்று.

பக்கச் சுவரில் அபிஷேகத் தண்ணீர் வெளியே விழும் கோமுகி. இரண்டு நாளாகக் காய்ந்து கிடந்தது. அதிலிருந்து இப்போது தண்ணீர் வடிந்தது.

மஞ்சள் தண்ணீர்.

12.14. வாசனை வந்தது. சுக்கு. ஏலம். வெல்லம்.

எழுந்து ஓட நினைத்தேன். என் வீட்டு வாசலும் அந்தச் சந்தில்தான்.

12.16. மணி நின்றது.

டக்.

டக்.

என் ஜன்னல் கட்டையில்.

நான் தலை தூக்கவில்லை. மடியில் இருந்த கொக்கியையே பார்த்தேன்.

"பாத்தீகளா மதினி?"

கோபமே இல்லாத குரல். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றது...

நான் வாயைத் திறந்தேன்.

12.20. கரண்ட் வந்தது. ஜன்னலில் யாரும் இல்லை. கட்டையில் டம்ளர் அடி அளவுக்கு ஈர வட்டம். அதற்குள் எறும்பு வந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு ராத்திரி முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஆடி 1. காலை ஆறு மணிக்கு அண்ணனும் தம்பியும் வந்து அவரவர் பூட்டைத் திறந்தார்கள். பின்னாலேயே நான் போய் வாசலில் நின்றேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் விளிம்புவரை. அம்மனுக்குப் புதுக் குங்குமம், ஈரம் காயவில்லை. காலடியில் ஒரு செம்பு பானகம்.

கருத்தப்பாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே... அக்கா கைதான் இது."

"வாய மூடுடா."

"அன்னைக்கே தீட்டுக் காத்திருந்தா இப்படி வருமா?"

"காத்திருந்தா வெளியாள் உள்ள வந்திருப்பான்டா! அப்புறம் நீயும் நானும் வெளியில நின்னு கும்பிட வேண்டியதுதான்!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

குருவம்மா வைகாசி 20-ஆம் தேதியே செத்துப்போயிருக்கிறாள். திருப்பூரில், காய்ச்சலில். கூட வேலை பார்த்த பெண்கள் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் போன் வந்திருக்கிறது. கூடப்பிறந்தவள் செத்தால் பதினாறு நாள் தீட்டு. கோயில் படி ஏறக்கூடாது. பூசைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் இரண்டு பேரும் மூச்சுக் காட்டவில்லை. ஒரு தலைமுழுக்கு இல்லை, ஒரு ஒப்பாரி இல்லை. எல்லா வீட்டுச் சங்கதியும் தெரிந்த எனக்கு, என் ஜன்னலில் பானகம் வைத்தவள் செத்தது தெரியவில்லை.

ஏழரை மணிக்குச் சங்கையாவுக்கு வக்கீலிடமிருந்து போன். அப்பீலில் நேற்றுத் தீர்ப்பாம். வாதமெல்லாம் முடிந்த பிறகு ஆள் செத்திருந்தாலும் தீர்ப்பு செல்லுமாம். பெண் என்பது தடையில்லை. 31, 32-ஆம் நாள் பூசை உரிமை குருவம்மாளுக்கு.

"எத்தன மணிக்காம்ணே?" என்றேன்.

சங்கையா என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. போனில் கேட்டார்.

"பதினொன்னே முக்காலாம்."

மணி கேட்டது 12.10-க்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் செத்ததற்கும் தீர்ப்புக்கும் நடுவில் வைகாசி 31 வந்து போனது. முந்தின நாள் ஆனி 31-ம் வந்து போனது. இரண்டு நாளும் இதே மிஷினில்தான் இருந்தேன். கோயில் பூட்டியிருந்தது. அம்மன் பட்டினி. உள்ளே ஒரு சத்தம் இல்லை.

அப்போதும் அவள் செத்தவள்தான்.

தீர்ப்புக்குக் காத்திருந்திருக்கிறாள்.