நான் சொன்ன ஓம்

என் மகளின் முதல் பெரிய சீடியில் என் குரலும் இருக்கிறது. அது நான்தான் என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

மகள் நாலு வயதில் என்னோடு ஜெர்மனிக்கு வந்தவள். டோர்ட்மண்டில் வளர்ந்து, ஜமேக்காக்காரரின் டான்ஸ்ஹால் ரெகே என்ற ஆட்டப் பாட்டுப் பாடப் பழகினாள். ஏழெட்டு வருடம் சின்ன மண்டபங்களில் பாடித் திரிந்தவளை ஒரு பெரிய இசைக் கம்பனி கூப்பிட்டு ஒப்பந்தம் எழுதியது. எனக்கு அந்தப் பாட்டு விளங்காது. ஆனால் அவள் அன்று சமையலறையில் ஆடிய ஆட்டம் விளங்கியது.

சீடி அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கும்போது முகம் வாடி வந்தாள்.

"அம்மா, முதல் பாட்டை எடுக்கச் சொல்லுறாங்கள்."

"ஏன் பிள்ளை?"

"அதிலை நீங்கள் 'ஓம், ஓம்' எண்டு சொல்லுறியள். கம்பனியிலை யோகா பழகுற ஒரு பொம்பிளை, அது சைவ மந்திரமாம், ஆக்கள் கோவிப்பினமாம் எண்டு சொல்லிப்போட்டா."

அப்போதுதான் எனக்கே விஷயம் தெரியும். கனடாவில் இருக்கும் அக்காவோடு நான் டெலிபோனில் கதைத்ததை இவள் சொல்லாமல் பதிந்து பாட்டில் சேர்த்திருக்கிறாள்.

"வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ உனக்கு?"

"ஒரு மணித்தியாலத்திலை நீங்கள் வேறை ஒரு சொல்லும் சொல்லேல்லையே, அம்மா!"

உண்மைதான். அக்கா கதைப்பாள், நான் ஓம் போடுவேன்.

பாட்டைப் போட்டுக் காட்டினாள். மேளத்துக்கு மேல் என் ஓம் திரும்பத் திரும்ப வந்தது. கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் பிடித்துவிட்டது. சாமி சொல்லைக் கூத்தாடவிட்டுவிட்டேனோ?

"இதை எடுத்தால் பாட்டே இல்லையம்மா. கம்பனி ஆக்களைச் சந்திக்க டெர்மின் எடுத்திருக்கிறன். நீங்கள் வந்து சொல்லவேணும்."

"எனக்கு ஏலாது." டொக்டரிடம்கூட வாய் திறக்காதவள் நான். என்றாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலையை மாற்றினேன்.

ரயிலில் ஒரு ஜெர்மன் வசனத்தை என்னைப் பாடமாக்க வைத்தாள். 'இது மந்திரம் இல்லை. ஆம் என்பதை நாங்கள் இப்படித்தான் சொல்லுவோம்.' இருபது தடவை சொல்லிப் பார்த்தேன்.

கண்ணாடி அறையில் கம்பனிப் பெரியவர் ஒருவரும் அந்த யோகாப் பெண்ணும் இருந்தார்கள். பாட்டை ஓடவிட்டு, பெரியவர் என்னைப் பார்த்து ஜெர்மனில் கேட்டார்.

"இது உங்கள் குரலா?"

பாடமாக்கிய வசனம் எங்கே போனதோ தெரியாது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஓம்."

அவர் நிமிர்ந்தார். "அப்படியென்றால், ஆம் என்கிறீர்களா?"

"ஓம்."

"பாட்டில் இருந்தால் உங்களுக்குச் சம்மதமா?"

"ஓம், ஓம்."

அந்த நேரம் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்தும் அதே குரல் "ஓம், ஓம்" என்றது. முதலில் சிரித்தவள் யோகாப் பெண்தான். பிறகு பெரியவர். மகள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாளோ அழுதாளோ, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பாட்டு இருக்கட்டும் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே வந்து ரோட்டோர வாங்கில் இருவரும் உட்கார்ந்தோம். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் அந்த ரோட்டிலேயே விழுந்துவிட்டது.

"பெரியம்மாவுக்குச் சொல்லுவமோ, அம்மா?"

"ஐயோ வேண்டாம் பிள்ளை. 'கதைச்சது முழுக்க நான், பாட்டிலை குரல் மட்டும் உன்ரையோ?' எண்டு என்னோடை சண்டைக்கு வருவா."